யன்னலில் ஓடுற பாட்டு

அந்தக் கதிரை வேண்டாம் தம்பி, அது என்ர. நீங்கள் இதில இருங்கோ, இதுதான் வாற ஆக்களுக்கு. ஓம், கதிரையை வாசலைப் பாத்துப் போட்டிட்டு கம்பியூட்டரைப் பின்னால வைச்சிருக்கிறது பாக்கிற ஆக்களுக்கு விசர் மாதிரித்தான் இருக்கும். கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் வேலை செய்யிறன். அதுக்கொரு காரணம் இருக்கு, பிறகு சொல்லுறன். தேத்தண்ணி குடிப்பியளோ? மகளையும் உள்ள கூப்பிடலாமே. வெளியில நிண்டு யன்னல் ரீவியைப் பாக்கிறா போல. சரி, பாக்கட்டும். எல்லாரும் அதைத்தான் பாக்கினம்.

சாமத்திய வீடு எடுக்கிற வீடியோக் கடை யன்னலில இங்கிலீசு ராப் பாட்டு ஓடுது, இதென்ன கோதாரி எண்டு நீங்களும் யோசிச்சிருப்பியள். உள்ள வாற ஆக்கள் முதல் கேக்கிறது அதைத்தான். அதில பாடுறது என்ர மகள், சயந்தவி. ஒரே பிள்ளை. வெள்ளைக்காரன்ர ரேடியோவில போகுது, யூரியூப்பில லட்சக்கணக்கில பாத்திருக்கினம். பேப்பரிலயும் போட்டவங்கள். அந்தப் பாட்டில விசேசம் என்னெண்டு தெரியுமோ? அதில என்ர குரல் இருக்கு. வசனத்துக்கு வசனம் திருப்பித் திருப்பி வாறது என்ர குரல்தான் தம்பி. "குனி பிள்ளை. இப்ப சிரி." கேட்டியளோ? அது நான்.

அது எப்பிடி அதுக்குள்ள போனது எண்டால், நான் முதலில இருந்து சொல்ல வேணும். உங்களுக்கு அவசரம் இல்லைத்தானே?

லண்டன் ஹரோவில நவம் வீடியோ எண்டு கேட்டால் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. அழைப்பிதழில சாமத்திய வீட்டை 'பூப்புனித நீராட்டு விழா' எண்டு எப்பிடியும் வடிவா அடிக்கட்டும், கடைசியில சனத்தின்ர கையில நிக்கிறது நான் எடுத்த வீடியோதான். பிள்ளையளை நடிக்க வைக்கிறது லேசில்லை. பன்ரண்டு பதின்மூண்டு வயசு, ஒண்டில் விறைச்சுக்கொண்டு நிக்குங்கள், இல்லாட்டி மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்குங்கள். நான் கமெராவுக்குப் பின்னால நிண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுக்க வேணும். தலையைக் குனி, மெல்ல நிமிர், மாமனைப் பார், வெக்கப்படு, இப்ப சிரி. பேந்து எடிற் பண்ணேக்க என்ர குரலை எடுத்துப்போட்டு நாதஸ்வரத்தை ஏத்துவன். பாக்கிற சனம் பிள்ளை தானாகத்தான் வெக்கப்பட்டது எண்டு நினைக்கும். அதுதான் தொழில்.

அப்பிடி எடுத்ததில எல்லாத்திலயும் திறம், என்ர மகளின்ர. சொந்தப் பிள்ளைக்கு எண்டேக்க ஒரு குறை விடுவமோ? பெப்ரவரி மாசம், ஹோலின்ர பின்பக்கம் திறந்த வெளி, அங்கதான் வெளிச்சம் நல்லம் எண்டு அங்க வைச்சு மாமனைப் பிள்ளையின்ர தலையில பாலும் அறுகம்புல்லும் வைக்கச் சொன்னனான். முதல் தரம் போக்கஸ் பிடிக்கேல்ல. திருப்பி ஊத்தச் சொன்னன். அடுத்த தரம் மாமன்ர முழங்கை மறைச்சுப்போட்டுது, பிறகும் ஊத்தச் சொன்னன். பிள்ளை நடுங்கினாள் பாருங்கோ, அந்த நடுக்கம் அப்பிடியே வந்திருக்கு. பால் எது கண்ணீர் எது எண்டு தெரியாத மாதிரி ஒரு குளோசப். எத்தினை தாய்மார் அந்தக் குளோசப்பைப் பாத்திட்டு, எங்கட பிள்ளைக்கும் இப்பிடி வேணும் எண்டு கேட்டவை.

அதைத்தான் யன்னலில போட்டனான். அப்பவே பெரிய ரீவி வாங்கி, காலமை கடை திறந்தால் பூட்டுமட்டும் ஓடும். கடை வாசல்தான் பள்ளிக்கூட பஸ் நிக்கிற இடம், கண்டியள்தானே. ஆண்டவன் தந்த இடம் அது. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளையள் யன்னலில மொய்ச்சுக்கொண்டு நிப்பாங்கள். சிரிச்சுச் சிரிச்சுப் பாப்பாங்கள். சிலதுகள் அவளைப்போல தலையைக் குனிஞ்சு நடிச்சுக்கூடக் காட்டுங்கள். அவ்வளவு விருப்பம்.

சயந்தவி அந்த நாளில ஒரு பஸ் தரிப்புக்கு முன்னமே இறங்கி நடந்து வரத் தொடங்கினாள். மழைக்கையும் நடப்பாள். அந்த வயசிலேயே உடம்பில அக்கறை எண்டு நான் மனுசிக்குச் சொல்லுறனான்.

இடைக்கிடை வந்து அதை நிப்பாட்டச் சொல்லிக் கேப்பாள். நான் சிரிச்சுக்கொண்டு, ஏன் பிள்ளை, நீ வடிவாத்தானே இருக்கிறாய் எண்டு சொல்லுவன். ஒருக்கா கடைக்குள்ள வந்து நிண்டு கேட்டாள். எனக்கு நல்ல ஞாபகம், நான் ஒரு கலியாணம் எடிற் பண்ணிக்கொண்டிருந்தனான்.

"அப்பா, இந்த ஒண்டுதான் கேக்கிறன். அதை நிப்பாட்டுங்கோ."

"கொஞ்சம் பொறு பிள்ளை, தாலி கட்டுற இடம்" எண்டன்.

தாலி கட்டி முடிஞ்சு திரும்பிப் பாக்கேக்க ஆள் இல்லை. அதுக்குப் பிறகு கேக்கேல்ல. பிள்ளையளுக்குப் பழகினால் எல்லாம் சரி.

பிறகு யூனிவேசிற்றி எண்டு போனாள், ரெண்டாம் வருசத்தோட விட்டுட்டு பாட்டு எண்டாள். ராப். எனக்கு அந்தச் சாமான் பிடிக்காது தம்பி, மறைக்கேல்ல. இராகம் இல்லை, தாளத்தை மட்டும் வைச்சுக்கொண்டு சண்டைக்கு நிக்கிற மாதிரிக் கதைக்கிறது. வேற இடத்தில வீடெடுத்து இருந்தாள். மனுசியோட மட்டும் போனில கதைக்கிறது. என்னோட கதைக்க நேரம் இல்லை, பாட்டுக்காறர் எண்டால் அப்பிடித்தான்.

ஒருநாள் மனுசி வந்து சொன்னா, பிள்ளை தன்ர சாமத்திய வீட்டுக் கசெற்றைக் கேக்கிறாளாம் எண்டு. எடிற் பண்ணினது இல்லையாம், வெட்டாததாம், அப்பாவின்ர குரலோட இருக்கிறதாம். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அந்த நாளில நிப்பாட்டு நிப்பாட்டு எண்டவள், பத்துப் பன்ரண்டு வருசம் கழிச்சு வெட்டாத கசெற் வேணும் எண்டு கேக்கிறாள். அதுவும் என்ர குரலோட. எனக்குக் கண் கலங்கிப்போட்டுது, அதைச் சொல்ல வெக்கமில்லை. கசெற்றைத் துடைச்சு, புதுப் பெட்டியில வைச்சு, மேல கடை ஸ்ரிக்கரும் ஒட்டிக் குடுத்துவிட்டனான். விளம்பரமும் ஆச்சுத்தானே.

அதுதான் இந்தப் பாட்டு. பாட்டுக்குப் பேரே 'குனி பிள்ளை'. வெள்ளைக்காரரும் கறுவலும் ரோட்டில அதைச் சொல்லிக்கொண்டு போறாங்கள் தம்பி, என்ர வசனத்தை! பக்கத்து மீன்கடை ஜோர்ஜ் கூட என்னைக் கண்டால் குனிஞ்சு காட்டுறான்.

இங்கிலீசு எனக்குத் தெரியாது எண்டில்லை. முப்பது வருசமா இந்த நாட்டில குப்பை கொட்டுறன். ஆனால் அவள் ஓடுற ஓட்டத்தில ஒரு சொல்லைப் பிடிக்கிறதுக்குள்ள அடுத்த பத்துச் சொல்லு போயிடுது. மனுசிக்கு விளங்கும், அவ பள்ளிக்கூடத்தில உதவி ரீச்சரா வேலை செய்யிறவ. என்னப்பா பாடுறாள் எண்டு கேட்டன். நல்லாத்தான் பாடியிருக்கிறாள் எண்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. விடாமல் போய்க் கேட்டன். கடைசியில ஒரு வரி மட்டும் தமிழில சொன்னா:

"எங்கட அப்பா ஊரில இருக்கிற பிள்ளையள் எல்லாரையும் பாத்தவர், கமெராவுக்குள்ளால."

பாத்தியளோ? தொழிலை எவ்வளவு மதிச்சுப் பாடியிருக்கிறாள். உண்மைதானே, நான் பாக்காத பிள்ளை இல்லை. அடுத்த வரி என்னப்பா எண்டு கேட்டன். கறி அடிப்பிடிக்குது எண்டிட்டா. அண்டைக்கு அடுப்பில ஒண்டும் இருக்கேல்ல.

வீடியோவிலயும் குறை இருக்குத் தம்பி, என்ர பிள்ளை எண்டதுக்காக நான் மறைக்கமாட்டன். தொடக்கம் திறம், ஏனெண்டால் அது நான் எடுத்தது. பால் ஊத்துறது, நடுங்கிறது, என்ர குரல். பிறகு அதே ஹோல், அதே மணவறைக் கதிரை, அதில இவள் இப்ப இருக்கிற கோலத்தில, ஓடுற சப்பாத்தும் போட்டுக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு இருக்கிறாள். பின்னால ஒரு கூட்டம் பெட்டையள், காஞ்சிபுரம் கட்டி, கீழ சப்பாத்து, கையைக் கட்டிக்கொண்டு நிக்குதுகள். ஒருத்தி சிரிக்க வேணுமே! நான் நிண்டிருந்தால் சிரிக்க வைச்சிருப்பன். என்ர குரல் "குனி பிள்ளை" எண்டேக்க, அதுகள் எல்லாம் சேர்ந்து "மாட்டன்" எண்டு கத்துதுகள். அது ஏதோ ராப்பில இருக்கிற முறையாக்கும், ஒராள் கேக்கிறது, மற்ற ஆக்கள் மறுமொழி சொல்லுறது. எங்கட காவடிப் பாட்டிலயும் இருக்குத்தானே.

ஆனால் ஒரு விசயத்தில எனக்கு மனவருத்தம். கடைசியில பேர் போடுவினம் எல்லே. லைற் பிடிச்சவன்ர பேர், சேலை கட்டிவிட்டவவின்ர பேர், சாப்பாடு குடுத்த கடையின்ர பேர் கூட இருக்கு. பழைய வீடியோ எடுத்தது ஆர் எண்ட இடத்தில என்ன போட்டிருக்கிறாள் தெரியுமோ? 'அப்பா'. அவ்வளவுதான். தமிழில. நவம் வீடியோ எண்டு இல்லை, போன் நம்பர் இல்லை. லண்டனில எத்தினை அப்பா இருக்கினம்? இது எந்த அப்பா எண்டு சனம் எப்பிடித் தம்பி கண்டுபிடிக்கிறது? மனுசியிட்டச் சொல்லி மாத்தச் சொன்னன். மனுசி அதை அப்பிடியே விடுங்கோப்பா எண்டா.

சரி, அவள் போடாட்டில் நான் போடுறன் எண்டு, பழைய வீடியோவை எடுத்துப்போட்டு இதை யன்னலில விட்டன். கீழ பெரிசா எழுதினன், 'மூல ஒளிப்பதிவும் குரலும்: நவம் வீடியோ, ஹரோ'. மேல ஒரு ஸ்பீக்கரும் பூட்டினன். இவ்வளவு நாளாக் கேட்டதையும் செய்தாச்சு பாருங்கோ, பழையதை நிப்பாட்டியாச்சு. மனுசி போனில பிள்ளைக்குச் சொன்னா. அப்பா உன்ர பாட்டை யன்னலில போட்டிருக்கிறார், நாள் முழுக்க ஓடுது எண்டு. அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டதாம், சிரிச்சாளோ அழுதாளோ தனக்குத் தெரியேல்ல எண்டா. சந்தோசத்தில ரெண்டும் வாறதுதானே.

இனி ரஞ்சினி வீட்டு விசயம். அதை உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பினம், எண்டபடியால் நானே சொல்லிப்போடுறன். சனம் ஒண்டைப் பத்தாக்கிக் கதைக்கும்.

ரஞ்சினி எண்டு இஞ்ச இருக்கிற ஒரு ஆள், அவவின்ர மகள் ஆருஷாவுக்கு சாமத்திய வீடு. பெரிய எடுப்பு. பிள்ளை பல்லக்கில வாறது, மாமன்மார் தூக்கிறது, புகை விடுறது. அதுக்கு என்ன பாட்டுப் போடுறது எண்டு கேட்டினம். வழமையா ஒரு சினிமாப் பாட்டுத்தான். நான் யோசிச்சன், ஊரே கேக்கிற பாட்டு, சாமத்திய வீட்டைப் பற்றின பாட்டு, என்ர சொந்த மகளின்ர பாட்டு, இதை விட்டுட்டு ஏன் ஆரின்ரயோ பாட்டு? சவுண்ட் போடுற பெடியனிட்டக் குடுத்தன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தவன். அண்ணை, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ எண்டு கேட்டவன். அந்த நேரம் எனக்கு அது விளங்கேல்ல. இப்ப யோசிக்கிறன், அவன் சத்தத்தைக் கூட்டி வைக்கப்போறதைத்தான் சொல்லியிருக்கிறான்.

பல்லக்கு வருது. புகை வருது. பாட்டுத் தொடங்குது. ஹோலில இருந்த பிள்ளையள் அவ்வளவும் கதிரையை விட்டு எழும்பிட்டுதுகள். இப்பிடி ஒரு வரவேற்பை நான் ஒரு ஹோலிலயும் கண்டதில்லை. பாட்டில என்ர குரல் "குனி பிள்ளை" எண்டுது, ஹோல் முழுக்க "மாட்டன்" எண்டு அதிருது. நான் கமெராவோட பல்லக்குக்கு முன்னால நிக்கிறன். பிள்ளை வடிவாத் தலை குனிஞ்சு இருந்தவள், மெல்ல நிமிர்ந்து பாக்கிறாள். பிறேம் பிழையாப் போகுது. எனக்குப் பழக்கதோசம், வாயில வந்திட்டுது.

"குனி பிள்ளை."

பிள்ளை நேர என்ர கமெராவுக்குள்ள பாத்தாள். சத்தம் போடேல்ல, நிதானமாச் சொன்னாள்.

"மாட்டன்."

மாமன்மாரை இறக்கிவிடச் சொன்னாள். அவையும் என்ன செய்யிறது, இறக்கிட்டினம். சேலையைக் கையில பிடிச்சுக்கொண்டு, நிமிர்ந்தபடி மணவறைக்கு நடந்து போனாள். கூட்டாளிப் பிள்ளையள் பின்னால. ஒருத்தரும் நில் எண்டு சொல்லேல்ல. ரஞ்சினி மேடையில நிண்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே. தாய் தேப்பன் எடுக்கிற செலவில இந்தப் பிள்ளையளுக்கு ஒரு விளையாட்டு.

ஆனால் ஒண்டு சொல்ல வேணும் தம்பி. அந்த நடையை நான் எடுத்திருக்கிறன். ஒரு வெட்டும் இல்லை. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்காமல் ஒரு பிள்ளை நடந்த நடை அது ஒண்டுதான் என்னட்டை இருக்கு. ரஞ்சினி அந்தத் துண்டை வெட்டச் சொன்னவ, வெட்டித்தான் குடுத்தனான். இஞ்ச வைச்சிருக்கிறன். ஏன் வைச்சிருக்கிறன் எண்டு கேக்காதேங்கோ, எனக்கே தெரியாது. பின்னேரத்தில போட்டுப் பாக்கிறனான்.

அதுக்குப் பிறகு ஓடர் கொஞ்சம் குறைவுதான். அது பாட்டால எண்டு சனம் சொல்லும். இல்லை. இப்ப எல்லாரும் போனில எடுக்கினம், அதுதான் காரணம். மகளின்ர சாமத்திய வீட்டுக்கு ஓடர் குடுக்க நீங்கள் வந்திருக்கிறியள்தானே.

ஓ, கதிரை. கதிரைக் கதையைச் சொல்லேல்ல என்ன.

அந்தப் பாட்டின்ர கடைசிச் சீன். போனில பாக்கேக்க எனக்குப் பிடிபடேல்ல, சின்னன்தானே. யன்னல் ரீவியில விட்டிட்டு வெளியில போய் நிண்டு பாக்கேக்கதான் கண்டன். அது எங்கட கடை தம்பி. இதே யன்னல், இதே பஸ் தரிப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டு எடுத்திருக்கிறாங்கள், எங்களுக்குத் தெரியாமல். அப்ப பழைய வீடியோ ஓடிக்கொண்டிருக்கு, சின்னப் பிள்ளையா அவள் நடுங்கிக்கொண்டு நிக்கிறாள். யன்னலுக்கு முன்னால பெரிய பிள்ளையா அவள் நிக்கிறாள். உள்ள, கண்ணாடிக்கு அங்கால, ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். நீலச் சுவெற்றர், நடுவில மயிர் இல்லை, காதில கெட்போன். ஆரோ ஒருத்தற்ற கலியாணத்தை எடிற் பண்ணிக்கொண்டிருக்கிறார். நான்தான்.

அவள் கையைத் தூக்கி யன்னலில தட்டப் போறாள். தட்டேல்ல. கையைக் கண்ணாடியில வைச்சுக்கொண்டு நிக்கிறாள். நிண்டு, நிண்டு, நிக்கிறாள் தம்பி. அந்த ஆள் திரும்பேல்ல. பிறகு பஸ் வந்து மறைக்குது. பஸ் போக அவள் இல்லை. அவ்வளவுதான், பாட்டு முடிஞ்சுது. சூம் பண்ணேல்ல, ஒண்டும் பண்ணேல்ல, கமெராவை வைச்சிட்டு விட்டிருக்கிறாங்கள். எடுத்தவன் தொழில் தெரிஞ்சவன். அந்தச் சீனில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன்.

ஆனால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அண்டைக்கு வாசல் திறந்துதான் கிடந்திருக்கும், நான் பகலில பூட்டுறதில்லை. கெட்போன் போட்டிருந்தால் தட்டினால் கேளாது, அது உண்மைதான். உள்ள வந்து தோளில தொட்டிருக்கலாம். எடுக்கப்போறம் எண்டு சொல்லியிருந்தால் நல்ல சேட் ஒண்டு போட்டுக்கொண்டு இருந்திருப்பன். திரும்பியிருப்பன்.

அதுதான் கதிரையைத் திருப்பிப் போட்டிருக்கிறன். கெட்போன் இப்ப போடுறதில்லை. ஸ்பீக்கர் வெளியில பாடுறதால, சத்தத்தை வைச்சே எந்தச் சீன் ஓடுது எண்டு எனக்குத் தெரியும். கேளுங்கோ, மேளம் நிண்டுட்டுது. இப்ப கடைசிச் சீன். இந்தா, பஸ் சத்தம் வருது. இது பாட்டில வாற பஸ்ஸோ உண்மை பஸ்ஸோ எண்டு எழும்பிப் பாத்தால்தான் தெரியும். அதில ஆர் இறங்கினம் எண்டும் பாக்க வேணும்.

தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகளை அந்த யன்னலடியால கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. பஸ் தரிப்பை மறைக்கிறா.